அர்வாக்கா சொன்ன வரி

தச்சநல்லூர்
10 ஜூன் 2025

அன்புள்ள அர்வா,

இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் வெயிலில் வெந்துகொண்டு நலமாக இருக்கிறோம். நீயும் ஹசன் அலி அண்ணனும் துபாயில் ஏசியின் தயவில் நலமாக இருப்பீர்கள். பெருநாள் போட்டோ பார்த்தேன். பிரியாணி எல்லாம் தீர்ந்த பிறகு வெறும் சட்டியைப் படம் பிடித்து அனுப்புகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

மாஞ்சோலை எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பகலில் சோலி இல்லை. நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலையைப் பார்ப்பதால், மீட்டிங் நேரத்தில் பின்னால் வந்து நின்று திரையில் தெரிகிறவர்களை எல்லாம் பார்க்கிறார். "இந்த ஆளு உன்னிய ஏசுதானா?" என்று சத்தமாகக் கேட்கிறார். அந்த ஆள் என் மேனேஜர். அவர் தூத்துக்குடிக்காரர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வேண்டியதை மெயிலில் கடிதமாக எழுதுகிறேனே என்று பார்க்காதே. போனில் நீ என்னை முடிக்க விடமாட்டாய். ஹாஸ்டல் காலத்திலிருந்தே அப்படித்தான்.

நம் 'பொருநை கோடர்ஸ்' டெலிகிராம் குழுவில் இசக்கிமுருகன் என்று ஒருவன் இருக்கிறான், ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீவைகுண்டத்துக்காரன். அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். பாலிடெக்னிக் படித்துவிட்டு, மற்றதை எல்லாம் நம் குழுவில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவன். "அக்கா, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அரை மணி கழித்துத்தான் சந்தேகத்தைக் கேட்பான். பாளையங்கோட்டையில் பேச்சிராஜ் அண்ணாச்சி என்பவரின் சின்ன ஆபீஸில் வேலை பார்க்கிறான். போன தையில்தான் கல்யாணம் ஆயிற்று.

அந்த ஆபீஸ்தான் ஸ்ரீவைகுண்டத்து இரத்ததானச் சங்கம் ஒன்றின் பட்டியலைக் கவனிக்கிறது. யாருக்கு என்ன வகை இரத்தம், போன் நம்பர் என்ன, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று 4312 பேர். 2019 முடிவதற்குள் சேர்ந்தவர்களில் பாதிப் பேரின் நம்பர் மாறிவிட்டது, அவர்களை எடுத்துவிடு என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இவன் நம் குழுவில் தேடி, 2023இல் நீ சொன்ன ஒரு கட்டளை வரியை எடுத்து ஓட்டியிருக்கிறான். 'இந்தத் தேதிக்கு முந்தைய பதிவுகளை அழி' என்கிற வரி.

எல்லாம் போய்விட்டது, அர்வா. ஆறு பேர் மிஞ்சினார்கள். தினமும் தானாக எடுக்கப்படும் நகலும் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிட்டதால், இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது அதிலும் அதே ஆறு பேர்.

அண்ணாச்சி அவனுக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார். எதைப் பார்த்துச் செய்தான் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது. குழுவில் இவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மட்டும் தனியாகச் சொன்னான். "அக்கா பேரு வெளிய வரக்கூடாதுக்கா, எனக்கு வழி சொல்லித் தந்தவிய" என்கிறான். நீ அவனிடம் ஒரு வார்த்தை பேசு.

அன்புடன்,
சுகன்யா


துபாய்
11 ஜூன் 2025

அன்புத் தோழி சுகன்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் குறுக்கே பேசுகிறவள் என்று சொல்வதற்காகவே ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

இசக்கிமுருகனுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நகல் எடுத்து வைக்காமல் எவனாவது அழிப்பானா? நான் சொன்னது பழகிப் பார்க்கிறவர்களுக்கான வரி. எப்போதோ, யார் கேட்டதற்கோ, சோறு வடித்துக்கொண்டே சொன்னது. அதைக் கொண்டுபோய் நாலாயிரம் பேர் பட்டியலில் ஓட்டினால் அதற்கு நானா பொறுப்பு?

இருந்தாலும் காரணம் என்ன என்று பார்த்தேன். அந்தப் பட்டியலில் தேதியை நம் ஊர் வழக்கப்படி நாள், மாதம், வருஷம் என்று வெறும் எழுத்தாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கணினி அதை இடமிருந்து ஒப்பிடும். முதலில் நாளைத்தான் பார்க்கும், வருஷத்துக்கு வரவே வராது. 31-12-2019 என்று கொடுத்தால், போன மாதம் பதினைந்தாம் தேதி சேர்ந்தவனும் அதற்கு முந்தியவன்தான். மிஞ்சிய ஆறு பேரும் டிசம்பர் முப்பத்தொன்றில் சேர்ந்தவர்களாக இருப்பார்கள், பார்த்துக்கொள். என் ஆபீஸ் தோழி, பிலிப்பைன்ஸ்காரி ரோவெனாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்கள் ஊரில் மாதத்தை முதலில் எழுதுவோம், எங்களுக்கு வேறு மாதிரி அழிந்திருக்கும்" என்றாள். மணிலாவில் அவளுடைய ஊர்க் குழுவிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்கிறதாம். வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தத் தப்புக்கு இடமே கிடையாது, அங்கே வருஷத்தை முதலில் எழுதிப் பழக்குகிறார்கள். அவரவர் ஊர்க் குழுவில்தான் அவரவர் தப்பைத் தெரிந்துகொள்ள முடியும் என்றாள். அவள் பேச்சைக் கேட்டுத்தானே ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பேரை வைத்து நாம் இதைத் தொடங்கினோம். இன்று ஆயிரத்து நூறு பேர்.

இன்னொருவர் இதில் விழக்கூடாது என்று அந்தப் பதிலைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். சவத்தை விட்டுத் தள்ளு. வேறு நல்ல வேலை கிடைத்தால் அவனுக்குச் சொல்கிறேன்.

உன் அப்பாவுக்கு என் ஸலாம். அந்த மேனேஜரை உண்மையிலேயே ஒருநாள் அவர் கையில் கொடு.

அன்புடன்,
அர்வா


தச்சநல்லூர்
13 ஜூன் 2025, வெள்ளி

அர்வா,

நீ அதை எடுத்திருக்கக் கூடாது.

இன்று காலை இசக்கிமுருகன், அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து போனில் குழுவைத் திறந்து தேடியிருக்கிறான். பெயரை மறைத்துவிட்டு வரியை மட்டும் காட்டுவதாகத் திட்டம். மேலே தள்ளுகிறான், கீழே தள்ளுகிறான், அங்கே ஒன்றும் இல்லை. "நீயா ஒரு வரிய எழுதி அழிச்சிட்டு, குழுவில இருந்துச்சின்னு கத விடுதியாலே?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். ஆபீஸில் ஏழு பேருக்கு முன்னால். "யாரு சொன்னா, பேரச் சொல்லு" என்றதற்கு இவன் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் உனக்குப் போன் போட்டிருப்பார், அதோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மதியம் இங்கே வந்தான். அம்மா சோறு போட்டாள், சாப்பிடவில்லை. "வேல போனா போகட்டும்க்கா. பொய் சொல்லுதான்னு சொன்னதுதான் தாங்கல. இனி பாளையங்கோட்டையில எந்த ஆபீஸ்ல என்னிய சேப்பாவ?" என்றான். அவன் போன பிறகு அப்பா பக்கத்தில் வந்து நின்றார், திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது.

எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வரி தப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். 2023இல் நீ பதில் சொன்ன அன்றே என்னிடம் இருந்த ஒரு பட்டியலில் ஓட்டிப் பார்த்தேன். போகக் கூடாதது எல்லாம் போயிற்று. நகல் இருந்ததால் எனக்கு நஷ்டமில்லை. உனக்குச் சொல்ல இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அழித்தேன். குழுவில் எல்லோரும் "நன்றி அக்கா", "சூப்பர் லாத்தா" என்று கட்டைவிரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்து மூன்று பேர். அதில் ஒரு விரல் என்னுடையது. தப்பு என்று தெரிந்தே வைத்தேன்.

ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நம் குழுவில் மூத்தவர்கள் சொன்னால் அது சொன்னதுதான். சந்தேகம் இருந்தால் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்வோம், அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். எனக்குத் தெரிந்ததைப் போல அந்த அறுபத்து மூன்றில் இன்னும் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். உன்னிடம் சொன்னால் உன் முகம் மாறும் என்று பயந்தேன், அவ்வளவுதான். என் பயத்துக்கு இப்போது அவன் வேலை போயிற்று.

நீ குழுவில் நாலு வரி எழுது. அது உன் வரிதான், நீதான் எடுத்தாய் என்று எழுதினால் போதும். அண்ணாச்சிக்கு அதைக் காட்டலாம்.

சுகன்யா


துபாய்
14 ஜூன் 2025

சுகன்யா,

நீ அறிந்தே விட்டிருக்கிறாய்.

ஆயிரம் பேருக்கு முன்னால் நான் தப்பைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன், நீ கீழே உட்கார்ந்து கை தட்டியிருக்கிறாய். வேறு எதற்கெல்லாம் தட்டினாய்? என் கல்யாணத்துக்கும் இப்படித்தான் "ரொம்ப நல்ல இடம்டி" என்றாயா? அன்னியர் யாராவது இதைச் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

நான் எழுதமாட்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து எனக்கு வேலை இல்லை. பன்னிரண்டு பேரை வேலையை விட்டு எடுத்தார்கள், நானும் ரோவெனாவும் அதில் இருந்தோம். உம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. காலையில் ஹசன் மச்சான் கிளம்பிப் போன பிறகு நான் நம் குழுவைத் திறந்து உட்காருகிறேன். அங்கே மட்டும்தான் நான் இன்னும் எதற்காவது உதவுகிறவளாக இருக்கிறேன். நீ அதையும் கேட்கிறாய்.

அர்வா


தச்சநல்லூர்
19 ஜூன் 2025

அன்புள்ள அர்வா,

உன் கல்யாணத்துக்கு நான் மனசாரத்தான் சொன்னேன். ஹசன் அலி அண்ணன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பாத்திரம் சரியாகக் கழுவமாட்டார் என்று நீ சொன்னதைத் தவிர.

வேலை போனதை என்னிடம் நீ சொல்லியிருக்கலாம். இரண்டு மாதமாக நீ தினமும் காலையில் பதினொரு கேள்விக்குப் பதில் சொல்வதைப் பார்த்து, பெரிய கம்பெனிக்காரிக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று பொறாமைப்பட்டேன். என்னை மன்னித்துக்கொள். இதற்கும், அதற்கும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் எழுதினேன். இங்கே இருந்த ஒரு பதில் தப்பு என்று தெரிந்தும் நான் அதற்குக் கட்டைவிரல் வைத்தேன், அதை நம்பி இசக்கிமுருகன் பட்டியலை இழந்தான், அவன் பொய் சொல்லவில்லை என்று. உன் பெயரைப் போடவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

மறுநாள் காலையில் ஆழ்வார்திருநகரி தஸ்லிமா, "எனக்கும் தெரியும், நானும் சொல்லவில்லை" என்று எழுதினாள். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து பேர். அப்புறம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஷிபின், "சரி, பேசிக்கிட்டே இருந்தா ஆச்சா? அந்தப் பட்டியல்ல இருந்த ஆளெல்லாம் நம்ம ஊரு ஆளுதானே, தேடிப் பிடிப்போம் வே" என்றான்.

அர்வா, அன்றிலிருந்து நடப்பதை நீ பார்த்திருக்க வேண்டும். நீ குழுவைத் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஷிபின் இரண்டு மணி நேரத்தில் ஒரு படிவம் செய்தான். ஆளுக்கு ஒரு ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி தான் படித்த காலேஜில் போய், இரத்தம் கொடுத்தவர்கள் பெயரெழுதிய பழைய நோட்டைப் போட்டோ எடுத்து வந்தாள். ஏரலில் ஒருவன் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று பதினெட்டுப் பேரைப் பிடித்தான். என் அப்பாவும் போனை எடுத்துக்கொண்டு, எஸ்டேட்டிலிருந்து இறங்கிய ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "ஒனக்கு என்ன ரத்தம்?" என்று கேட்கிறார், நலம் விசாரிப்பதுகூட இல்லை. இன்று காலை வரை 2870 பேர். உலகத்தில் வேறு எந்தப் பெரிய தளத்தில் போய்க் கேட்டிருந்தாலும் 'நகல் எடுத்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி பதில் கிடைத்திருக்கும். இதைத் தொடங்கி வைத்தது நீ.

சங்கத்துக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள். பேச்சிராஜ் அண்ணாச்சி ஆகவில்லை. நேற்று நானே நேரில் போனேன். "பட்டியல் வருது, சந்தோசம்மா. ஆனா நீ அவன் கூட்டாளி, நீ அப்படித்தான் சொல்லுவ. அந்த வரிய எழுதுன ஆளு வந்து சொல்லட்டும், நான் பய மேல தப்பில்லன்னு ஒத்துக்கிடுதேன்" என்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இசக்கிமுருகன் கணக்கை முடித்துச் சாவியை ஒப்படைக்கப் போகிறான். இந்த வாரம் முழுக்க எத்தனையோ பேர் அவனிடம் யார் என்று கேட்டுவிட்டார்கள். இன்னும் அவன் உன் பெயரைச் சொல்லவில்லை.

உன் சுகன்யா


துபாய்
20 ஜூன் 2025

சுகன்யாவுக்கு,

குழுவைத் திறந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். உன் அப்பாவின் நம்பரிலிருந்து வந்த நாற்பத்தொரு பெயர்களையும் படித்தேன்.

ரோவெனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் குழுவிலும் அக்கா, அண்ணன் என்று முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், அவளை எல்லோரும் 'ஆத்தே', அதாவது அக்கா, என்பார்கள். முன்பு ஒருமுறை அவளும் ஒரு தப்பான பதிலை இரகசியமாக எடுத்துவிட்டாளாம். எடுத்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று, ஆனால் அதற்குப் பிறகு அங்கே பதில் சொல்லும்போதெல்லாம் தனக்குக் கூசிற்று என்றாள். கடைசியில் அந்தக் குழுவை விட்டே வந்துவிட்டாளாம். இத்தனை வருஷம் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

எனக்கு அப்படி வெளியே வர வேண்டாம். கீழே எழுதியிருப்பதைக் குழுவில் போடப் போகிறேன். போடுவதற்கு முன்னால் நீ பார். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிவிடாதே, கொன்றுவிடுவேன்.

"அன்பு நண்பர்களே, 2023இல் பழைய பதிவுகளை நீக்குவது பற்றி நான் சொன்ன வரியைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் இழப்பு ஏற்பட்டது. பாதுகாப்புக் கருதி அந்தப் பதிலை நானே நீக்கினேன். இசக்கிமுருகன் அதைப் பார்த்துத்தான் செய்தார், அவர் பொய் சொல்லவில்லை. திருத்திய வரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். இனிமேல் அனைவரும் நகல் எடுத்துக்கொண்டு செய்யவும்."

அர்வா


தச்சநல்லூர்
20 ஜூன் 2025

அர்வா,

இது சரியில்லை.

யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நீ தப்பாகச் சொன்னாய், நான் தெரிந்தே ஒத்து ஊதினேன். அப்படியே எழுது, என் பெயரையும் போடு. 'பாதுகாப்புக் கருதி' என்பதை எடு. வெட்கத்தில்தான் நீக்கினாய், அதை எழுதினால் யாரும் உன்னைத் தின்றுவிடமாட்டார்கள். கடைசி வரி வேண்டவே வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற இடத்தில் புத்தி சொல்லாதே. மன்னிப்பு என்ற சொல்லே இதில் இல்லை, பார்த்தாயா?

பதிமூன்று வருஷத்தில் நீ எழுதியதை அன்றே 'தப்பு' என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. கோபம் வந்தால் நாளைக்கு ஏசு, வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்குத் திருத்திப் போடு. எனக்கு அவன் வேலையும் வேண்டும், நீயும் வேண்டும்.

சுகன்யா


துபாய்
21 ஜூன் 2025

ஏட்டி சுகன்யா,

நீ சொன்னபடியே திருத்தி நேற்றே போட்டேன். இன்று காலை பேச்சிராஜ் அண்ணாச்சிக்கு நானே போன் செய்தேன். பத்து நிமிஷம் ஏசினார். குறுக்கே பேசவில்லை, சத்தியமாக. இசக்கிமுருகன் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், ஏழு பேர் முன்னால் சொன்னதை ஏழு பேர் முன்னாலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

குழுவில் இந்தத் தடவை ஒருவரும் கட்டைவிரல் வைக்கவில்லை. முதல் பதிலை இசக்கிமுருகன்தான் எழுதினான். சாப்டாச்சா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, இந்தப் புது வரியிலயும் ஒரு தப்பு இருக்கு. தேதி எழுதாம விட்ட ஆளுகளையும் இது தூக்கிரும்."

ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. திருத்திவிட்டேன்.

அர்வா